ஓட்டத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குச் சைக்கிளில் போறதா வெச்சுக்கோங்க. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனா ஏறி உட்காரும் முன்பே 1.5 கி.மீ. நீந்தியாச்சு. சிதம்பரத்தில் இறங்கியதும் டீக்கடைப் பக்கம் போக முடியாது, 10 கி.மீ. ஓடணும். ஒலிம்பிக் தூர ட்ரையத்லான் என்பது கிட்டத்தட்ட இதுதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து இது பதக்கப் போட்டி.

இதன் பெரிய அண்ணன் அயர்ன்மேன்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓஹு தீவில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் இதைத் தொடங்கினார்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். சைக்கிள் முடியும்வரை முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். ஓட்டத்தில் அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. கார்டன் ஹாலர் அவரைத் தாண்டி, 11 மணி 46 நிமிஷத்தில், அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். முதல் அயர்ன்மேனே கடைசி ஓட்டத்தில்தான் முடிவானது.

நம்ம நாட்டில் இந்தப் பாதையில் நடந்தவர்களில் முக்கியமானவர் புனேயின் கௌஸ்துப் ராட்கர். சின்ன வயதில் தேசிய அளவில் நீந்தியவர், அமெரிக்காவில் படித்தவர். இருபதுக்கும் மேற்பட்ட முழு அயர்ன்மேன் போட்டிகளை முடித்திருக்கிறார். ஊர் திரும்பி, ஆபீஸ் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச் அயர்ன்மேனை முடிக்க எடுத்துக்கொண்டது 15 மணி 19 நிமிஷம். அப்போது அவருக்கு வயது 49. ஹாலரைவிட மூன்றரை மணி நேரம் அதிகம், அதனால் என்ன? நம்மைப் போன்ற அமெச்சூருக்குப் பந்தயம் கடிகாரத்தோடுதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரோடு மறந்துபோன விஷயம்தான். காற்றை எதிர்க்கத் தேவையான பவர், வேகத்தின் கனத்துக்கு ஏற்றபடி கூடும். 25 கி.மீ. வேகத்தை 30 ஆக்கினால் அந்தப் பவர் 1.73 மடங்கு. அதே 40 கி.மீ.யைக் கடக்க, காற்றுக்கு மட்டும் 44 சதவீதம் கூடுதல் ஆற்றல். மிச்சமாவது? 96 நிமிஷம் 80 ஆகும், அதாவது 16 நிமிஷம். அந்த அவசரத்தில் கால் செத்துப்போய், கிலோமீட்டருக்கு 6 நிமிஷத்தில் ஓட வேண்டியவர் 8 நிமிஷத்தில் தள்ளாடினால் 10 கி.மீ.யில் 20 நிமிஷம் போச்சு. கிழக்கிலிருந்து கடல்காத்து அடிக்கிற நேரமென்றால் கணக்கு இன்னும் மோசம்.

நீச்சலில் இது இன்னும் கொடுமை. தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல சுமார் 800 மடங்கு. பத்து சதவீதம் கூடுதலாக முக்கினாலும் வேகம் மூன்று சதவீதம்தான் ஏறும். 45 நிமிஷ நீச்சலில் ஒன்றரை நிமிஷம்கூட மிச்சமில்லை. ஆனா தண்ணிக்குள்ள தொங்குகிற காலை மேலே கொண்டுவந்தால் இழுவை குறையும், கூடுதல் பவரே வேண்டாம். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், அதனால் பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். இது நமக்கே தெரியாது, கரையில் ஒருத்தர் நின்று பார்த்துச் சொல்லணும். கோச் தேவைப்படுகிற முதல் இடம் இதுதான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். குளத்தில் 60 முறை நீளம் போனதை நம்பி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தனியா இறங்காதீங்க. கரையிலிருந்து உள்ளே இழுக்கிற நீரோட்டத்தை யாராலும் எதிர்நீச்சல் போட்டு ஜெயிக்க முடியாது. மாட்டினால் பதறாமல் மிதங்க, கையை ஆட்டி உதவி கேளுங்க. நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அப்புறம் கரையை நோக்கி வாங்க. காப்பாற்றத் தெரிந்தவர் படகோடு நிற்காத இடத்தில் கடல் பயிற்சியே வேண்டாம்.

கோச்சின் இரண்டாவது வேலை, உங்களை நிறுத்தி வைப்பது. வேகமா ஓடச் சொல்ல யூடியூப் போதும். மெதுவா ஓடுன்னு திரும்பத் திரும்பச் சொல்லத்தான் ஆள் வேணும். பெரிய வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டதும் இதுதான்: அவர்களுடைய பயிற்சியில் சுமார் 80 சதவீதம் லேசானது. நமக்கு ஈஸியான அளவுகோல், ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியணும்.

வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நீண்ட பயிற்சியென்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டிலென்றால் உப்புப் போட்ட மோர்.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் பயிற்சிக்குப் பெயர் பிரிக், அதாவது செங்கல். முதல் சில நிமிஷம் கால் அப்படித்தான் கனக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணாமலை நகர் பக்கம் 10 கி.மீ. லேசாக மிதிச்சு, ஸ்டாண்டு போட்ட கையோடு 1 கி.மீ. ஓடிப் பாருங்க. நேரத்தைக் குறிச்சு வைங்க. அடுத்த ஞாயிறு சைக்கிளை வெறித்தனமா மிதிச்சுட்டு, அதே ஒரு கிலோமீட்டரை ஓடி, அந்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்க.