குறுகிய காலப் படிப்பும் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும்: ஆஸ்திரேலியச் சட்டம் தரும் படிப்பினை

வெளிநாட்டுக் கல்வி என்றதும் பல்லாண்டுப் பட்டப் படிப்புகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பத்து வார ஆங்கிலப் பயிற்சி, ஆறு மாதத் தொழிற்பயிற்சி போன்ற குறுகிய காலப் படிப்புகளை நாடிச் செல்வோரும் உளர். படிப்பின் தரம், கட்டணம் ஆகியவற்றை விசாரிக்கும் இவர்கள் மற்றொரு கேள்வியையும் எழுப்புதல் வேண்டும். படிப்பு நடைபெறாது போனாலோ, தாம் சேர இயலாது போனாலோ செலுத்திய பணம் என்னவாகும்? இக்கேள்விக்குச் சட்டத்தின் வாயிலாக விரிவாக விடை கண்ட நாடுகளுள் ஆஸ்திரேலியாவும் ஒன்று.

சட்டம் தோன்றிய வரலாறு

1990ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரேலியாவில் ஆங்கில மொழிக் கல்லூரிகள் சில மூடப்பட்டன. முன்பணம் செலுத்திய அயல்நாட்டு மாணவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதன் விளைவாக 1991இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில், இன்று நடைமுறையிலுள்ள அயல்நாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டம் 2000இல் வந்தது. 2009ஐ ஒட்டிய காலத்தில் தனியார் கல்லூரிகள் சில மீண்டும் மூடப்பட்டபோது, பாதிக்கப்பட்டோருள் இந்திய மாணவர்களும் இருந்தனர். புரூஸ் பெயர்ட் தலைமையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அறிக்கை 2010இல் வெளிவந்தது. 2012 ஜூலையில் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது.

நிறுவனம் தவறினால்

ஒப்புக்கொண்ட நாளில் படிப்பைத் தொடங்காவிட்டாலோ, இடையில் நிறுத்திவிட்டாலோ, தவறு கல்வி நிறுவனத்துடையது. 14 நாட்களுக்குள் அந்நிறுவனம் செலவழியாத கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். அல்லது மாணவர் ஏற்கும் வேறொரு படிப்பில், கூடுதல் செலவின்றி இடம் பெற்றுத் தருதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 20 வாரப் படிப்புக்கு ஒருவர் 8,000 டாலர் செலுத்தியதாகக் கொள்வோம். ஐந்து வாரம் முடிந்ததும் படிப்பு நின்றுவிட்டால், எஞ்சிய 15 வாரங்களுக்கான தொகை ஏறத்தாழ 6,000 டாலர் ஆகும். நிறுவனம் இக்கடமையை நிறைவேற்றத் தவறினால், மேலே கூறிய பாதுகாப்புச் சேவை மாணவருக்குத் துணை நிற்கும்.

விசா மறுக்கப்பட்டால்

விசா மறுக்கப்பட்டதன் காரணமாக மாணவர் படிப்பைத் தொடங்க இயலாது போனால், செலுத்திய மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடு அல்லது 500 டாலர், இவ்விரண்டில் எது குறைவோ அதனை மட்டுமே நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம். 6,000 டாலர் செலுத்தியவருக்கு 300 டாலர் கழித்து 5,700 டாலர் திரும்பக் கிடைக்கும். 15,000 டாலர் செலுத்தியவரிடமிருந்து 500 டாலருக்கு மேல் பிடித்தல் இயலாது. நான்கு வாரங்களுக்குள் இத்தொகை வழங்கப்பட வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் இக்கணக்கில் அடங்காது. அஃது அரசுக்குச் செலுத்தப்பட்டதாகும்.

மாணவர் தாமே விலகினால்

இங்குதான் மாணவர் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும். தாமாக விலகுபவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்து மூல ஒப்பந்தமே தீர்மானிக்கின்றது. பணம் செலுத்துவதற்கு முன்போ, செலுத்தும்போதோ இந்த ஒப்பந்தத்தை மாணவர் ஏற்றிருத்தல் வேண்டும். எத்தொகை திரும்பக் கிடைக்கும், எத்தொகை கிடைக்காது, அதனைக் கோரும் முறை யாது, மாணவரைத் தவிர வேறு யார் பெறலாம் என்பன அதில் தெளிவாக இடம்பெற வேண்டுமென 2018ஆம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பு வலியுறுத்துகின்றது. விதிகளுக்கு ஏற்ற ஒப்பந்தம் இல்லாவிடின், நிறுவனம் தன் விருப்பம் போல் பணத்தைப் பிடித்துக்கொள்ள இயலாது. அந்நிலையில் சட்டம் வகுத்த கணக்கீட்டு முறையே செல்லும்.

குறுகிய காலப் படிப்பின் தனி நிலை

பொதுவாக, படிப்பு தொடங்குமுன் மொத்தக் கல்விக் கட்டணத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் செலுத்துமாறு நிறுவனம் வற்புறுத்தலாகாது. ஆனால் 25 வாரங்களுக்கு மேற்படாத படிப்புகளுக்கு இவ்விதி பொருந்தாது. முழுத் தொகையையும் முன்னதாகவே கேட்கலாம். எனவே குறுகிய காலப் படிப்பில் சேருபவர் தம் பணம் முழுவதையும் தொடக்கத்திலேயே ஒப்படைக்கும் நிலை ஏற்படலாம்.

இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சுற்றுலா விசாவில் செல்பவர் பொதுவாக மூன்று மாதம் வரை படிக்க அனுமதி உண்டு. ஆனால் அயல்நாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டம் மாணவர் விசா பெற்றோரையும், அதனைப் பெற முனைவோரையும் கருதியே இயற்றப்பட்டது. சுற்றுலா விசாவில் சென்று எட்டு வாரம் ஆங்கிலம் பயில்பவருக்கு, மேற்கூறிய 14 நாள் விதியோ கட்டணப் பாதுகாப்புச் சேவையோ கிடைப்பதில்லை. பொதுவான ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டமும், அவர் செய்துகொண்ட ஒப்பந்தமுமே அவருக்குத் துணை. ஒரே வகுப்பில், ஒரே கட்டணம் செலுத்தி அமர்ந்திருக்கும் இருவருக்கு, விசாவைப் பொறுத்து உரிமை வேறுபடுவதை இதனால் அறியலாம்.

முறையீட்டு வழி

மாணவர் விசாவில் பயில்வோரின் முறையீடுகளை விசாரிக்க ஒவ்வொரு பதிவு பெற்ற நிறுவனத்திலும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். எழுத்து மூலம் முறையிட்ட 10 வேலை நாட்களுக்குள் விசாரணை தொடங்கப்பட வேண்டும். அதில் நிறைவு பெறாதவர் வெளி அமைப்பை அணுகலாம். தனியார் நிறுவனங்கள் தொடர்பான குறைகளைக் கேட்க அயல்நாட்டு மாணவர் குறைதீர் ஆணையர் பதவி 2011இல் ஏற்படுத்தப்பட்டது. உயர்கல்வி நிறுவனங்களைப் பொறுத்தவரை தேசிய மாணவர் குறைதீர் ஆணையர் 2025 பிப்ரவரி முதல் செயல்படுகின்றார். இவர்களை அணுகக் கட்டணம் இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

பணம் அனுப்புமுன் மாணவர் செய்யவேண்டியவை நான்கு. முதலாவதாக, நிறுவனமும் அந்தப் படிப்பும் 'கிரிகாஸ்' எனப்படும் அரசுப் பதிவேட்டில் உள்ளனவா எனப் பார்த்தல். இரண்டாவதாக, எந்த விசாவில் செல்வது என்பதை உரிமைகளையும் எண்ணி முடிவு செய்தல். மூன்றாவதாக, ஒப்பந்தத்தில் கட்டணம் திருப்பித் தருவது பற்றிய பகுதியை முழுமையாகப் படித்தல். நான்காவதாக, ஒப்பந்தத்தின் படியையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துதல். முகவர் வழியே பணம் செலுத்தினால், நிறுவனத்தின் சார்பில் பெற்றுக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டா என்பதையும் உறுதி செய்துகொள்ளுதல்.

மாணவர்களுக்கு வழிகாட்டும் கல்லூரி அலுவலர்களும் மாநில அரசு அலுவலர்களும் இவற்றை விளக்கிக் கூறுதல் நலம். கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ திரட்டிய பணமாக அஃது இருக்கக்கூடும். பணம் போன பின் உரிமையைத் தேடுவதினும், பணம் கொடுக்குமுன் அதனை அறிந்திருப்பதே அக்குடும்பத்துக்குப் பாதுகாப்பாகும்.