அயர்ச்சியும் அயலாரும்

காய்ச்சல் கண்டவனின் நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. கால் முறிந்தவனின் கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அவர்களுக்கு இரக்கம் காட்டுமாறு எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், புறத்தே ஒரு குறியும் இன்றி, அகத்தே ஆற்றலை உறிஞ்சிவிடும் நோயும் உண்டு. அதனை நாட்பட்ட அயர்ச்சி நோய் என்பர். இந்நோயாளர் இருவகைத் துன்பம் உறுகின்றனர். ஒன்று நோயால் வருவது. மற்றொன்று அயலார் நாவால் வருவது.

"எனக்குந்தான் களைப்பாக இருக்கிறது" என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். நாள் முழுதும் உழுதவனின் களைப்பு ஓரிரவு உறக்கத்தில் தீரும். இவர்களின் களைப்போ எவ்வளவு உறங்கினாலும் தீர்வதில்லை. அதனினும் கொடியது ஒன்று உண்டு. இன்று சற்று மிகுதியாக நடந்தாலோ, நெடுநேரம் படித்தாலோ, அதன் விளைவு பெரும்பாலும் நாளையோ மறுநாளோ தோன்றி, நாட்கணக்கில், சிலரை வாரக்கணக்கில், படுக்கையில் வீழ்த்திவிடும். ஊற்றுச் சுருங்கிய கிணற்றில் இரண்டு குடம் இறைத்துக் காத்திருந்தால் நாளையும் நீர் கிடைக்கும். அடிவரை இறைத்தால் நாளைக்குச் சேறுதான். திருமண வீட்டில் சிரித்துப் பேசியவரை ஊரார் காண்கின்றனர். அதன்பின் இருண்ட அறையில் அவர் கிடந்த நாட்களை எவர் காண்கின்றனர்? பழிச்சொல் பிறப்பது இவ்விடத்தில்தான்.

இப்பழி கல்லாதார் மட்டும் கூறியதன்று. 1955ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ராயல் பிரீ மருத்துவமனையில் இத்தகைய நோய் ஒன்று பரவிற்று. மருத்துவர், செவிலியர் முதலிய பணியாளர் 292 பேர் நோயுற்றனர். சூலைத் திங்களில் மூடப்பட்ட மருத்துவமனை அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே நோயாளரை நேரிற் கண்ட மெல்வின் ராம்சே என்னும் மருத்துவர், இஃது உடல்நோயே என்றார். ஆயினும், 1970இல் மனநோய் மருத்துவர் இருவர், நோயாளர் ஒருவரையும் பார்க்காமல் பழைய குறிப்பேடுகளை மட்டும் ஆராய்ந்து, இது ஹிஸ்டீரியா என்னும் மனநோயே என்று எழுதினர். நோயுற்றோருட் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! ராம்சே மறுத்துரைத்தார், ஆனால் அந்த ஐயம் வேரூன்றிவிட்டது. உடற்பயிற்சியைச் சிறிது சிறிதாக மிகுத்துக்கொண்டே போகுமாறு கூறும் மருத்துவமுறையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2021ஆம் ஆண்டில்தான் கைவிட்டது.

நம் முன்னோர் மடியைக் கடிந்தனர். திருக்குறளில் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே உண்டு. அதனாற்போலும், படுத்திருப்பவரைக் கண்டதும் 'சோம்பேறி' என்னும் சொல் நம் நாவில் விரைந்து வருகிறது. சோம்பேறிக்கு ஆற்றல் உண்டு, விருப்பம் இல்லை. இந்நோயாளர்க்கோ விருப்பம் உண்டு, ஆற்றல் இல்லை. ஏளனத்திற்கு அஞ்சி, "என்னால் முடியும் என்று காட்டிவிடுகிறேன்" என எழுந்து உழைப்பவர் மேலும் வீழ்கிறார். ஆகவே, பிறர் கூறும் தவறான சொல், மனத்தைப் புண்படுத்துவதோடு நில்லாமல் நோயையும் வளர்த்துவிடுகிறது. ஊரார் அனைவர்க்கும் தம்மை மெய்ப்பிக்க முயல்வதை விட்டு, நெருங்கிய இரண்டொருவர்க்கு, "இன்று ஒருமணி நேரம் அமர்ந்தால் நாளை எழ முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுதல் நோயாளர்க்கு நலம். கேட்பவர் அதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கும். இந்நோய் சிறுவர்க்கும் வருவதாதலின், உங்கள் வகுப்பிலும் அத்தகையவர் இருத்தல் கூடும்.

அமெரிக்க எழுத்தாளரான லாரா ஹில்லன்பிராண்ட் அம்மையார், கல்லூரியிற் பயிலும்போது, 1987ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில் திடீரென நோயுற்றார். கல்லூரியை விட்டார். மருத்துவர் பலர் அவர்தம் சொல்லை நம்பவில்லை. ஒருவர் மனநோய் மருத்துவரிடம் அனுப்பினார். அவரோ உள்ளம் நலமாகவே உள்ளது, நோய் உடலில்தான் என்றார். இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேராசிரியர் ஒருவர், நோய் உண்மையே, ஆனால் தம்மிடம் மருந்தில்லை என்றார். மருந்தில்லாத அச்சொல்லும் அம்மையார்க்கு ஆறுதலாயிற்று.

அவர் வீட்டிலிருந்தவாறே எழுதினார். எழுத்துகள் கண்முன் சுழன்றபோது கண்ணை மூடிக்கொண்டே எழுதினார். 'சீபிஸ்கட்' என்னும் பந்தயக் குதிரையைப் பற்றிய அவர் நூல் 2001இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அடுத்த நூலுக்கு லூயி சாம்பரினியின் வாழ்வை எடுத்துக்கொண்டார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர் அவர். உலகப் போரில் விமானம் கடலில் வீழ, மிதவையில் 47 நாள் தத்தளித்து, பின் சப்பானியர் சிறையில் வதைப்பட்டவர். அவரை நேரிற் சென்று காண இயலாமையால், தொலைபேசியிலேயே பலமுறை வினவி அறிந்தார் அம்மையார். தம் நோயைப் பற்றி நெடுநாள் அவரிடம் கூறவில்லை. பின்னர் அதனை அறிந்த சாம்பரினி ஐயம் ஏதும் எழுப்பவில்லை. போரிற் காயமுற்ற வீரர்க்கு அமெரிக்க அரசு வழங்கும் பதக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. தம்மினும் அதற்குத் தகுதியுடையவர் இவரே என்று சொல்லி, அதனை அவர் அம்மையார்க்கு அனுப்பிவைத்தார்.