துணி உள்ளே விட்டுத் தை

அன்புள்ள கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவனை இடுப்பிலும் பெரியவளைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, குமணன்சாவடியிலிருந்து பஸ் மாறி மாறி ஆவடிக்கு வந்தாய். வந்ததும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் அதைப் பற்றிச் சரியாகப் பேச முடியாமல் போனது. நீ கிளம்பிய பிறகு அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

'இந்த வருஷம் வீட்டிலேயே செய்ய வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு நாற்பத்தொன்று எழுதியிருந்தாய். ஜப்லா, பாவாடை சட்டை, ஜன்னல் திரை, சிவன் கண் வயர் கூடை, கொலுவுக்குக் காகிதக்கூழ் பொம்மை, மாவடு, வடாம், மோர் மிளகாய், கார்த்திகைக்குப் பொரி உருண்டை. படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் பொடி எழுத்தில் 'எதுவுமே முடியலை' என்று இருந்ததையும் பார்த்தேன். நான் பதில் எழுதுவது அந்த இரண்டு வார்த்தைக்கு.

முதலில் நான் யார் என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பதினோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தேன். காலையில் ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள்தான். பதினோரு வருஷமும் நான் வைத்தது சட்டைக் கை முனைக்குக் கஃப். கஃப் மட்டும். மணிக்கு இத்தனை என்று டார்கெட். கை பழகிவிட்டது, வேகம் வந்துவிட்டது. ஆனால் ஒரு சட்டையைத் தோளிலிருந்து அடி மடிப்பு வரை நானே தைத்ததில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறவர் யார், அவருக்குக் கை நீளமா குட்டையா என்று நான் நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. அங்கே தையலுக்கு உள்ளே விடும் துணிக்கு ஒரே அளவு. அதைவிட ஒரு நூல் கூடினாலும் ஆயிரக்கணக்கான சட்டைக்குத் துணி வீண்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் என் பெண்ணுக்கு முதன்முதலாக ஒரு காட்டன் பாவாடை தைத்தேன். பொங்கலுக்கு. கம்பெனிப் பழக்கத்தில் கணக்காக வெட்டி, கணக்காகத் தைத்தேன். பார்க்க அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் வெட்டிவிட்டேன் என்பது முதல் துவையலில்தான் தெரிந்தது. கணுக்காலில் இருந்த பாவாடை மேலே ஏறிவிட்டது. இறக்கிவிடலாம் என்று உள்பக்கத்தைத் திருப்பினால் அங்கே கால் இன்ச்சுக்கு மேல் துணி இல்லை. பிள்ளை அழுதாள். நானும் அழுதேன். மாமியார்தான் தன் பழைய சுங்குடிப் புடவையிலிருந்து கரையைக் கிழித்துக் கொடுத்து, அடியில் ஒட்டுப் போடச் சொன்னார்.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஓ.சி.எஃப்.பில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961-ல் தொடங்கிய அந்த உடைத் தொழிற்சாலையில் ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைத்த கை. 2021 அக்டோபரில் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற புதுக் கம்பெனியின் கீழ் போய்விட்டாலும் எங்கள் தெருவுக்கு அது இன்னமும் ஓ.சி.எஃப்.தான். அவர் பாவாடையை வாங்கியதும் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வளர்ற பிள்ளைம்மா. துணி உள்ள விட்டுத் தை" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். உன் நாற்பத்தொன்றிலும் அதுதான் இல்லை.

பாவாடையிலிருந்தே தொடங்குவோம். பெரியவளுக்கு ஐந்து வயது. இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு ஆறு சென்டிமீட்டர் போல வளரும், அதிலும் கால்தான் வேகமாக நீளும். அடியிலிருந்து நாலு விரல் மேலே இரண்டு டக், அதாவது குறுக்கு மடிப்பு, வை. ஒவ்வொரு டக்கும் முக்கால் இன்ச் என்றால், ஒன்றைப் பிரிக்கும்போது ஒன்றரை இன்ச் துணி இறங்கும். ஒரு தீபாவளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதே பாவாடை மூன்று வருஷம் வரும். டக் போடும்போது மட்டும் தையல் நீளத்தைக் கூட்டிப் பெரிய தையலாகப் போடு, பிரிக்கச் சுலபம். மேலே வைக்கும் பாடிக்கு இரண்டு பக்கமும் ஒரு இன்ச் உள்ளே விடு. பட்டாக இருந்தால் கையாலேயே டக் போட்டுவிடு. பட்டில் ஊசித் துளை எளிதில் மறையாது. மெஷினில்தான் என்றால் 11-ம் நம்பர் ஊசிக்கு மேல் போகாதே. லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, பிறகு வெட்டு. இதில் மட்டும் சோம்பல் கூடாது. நான் பட்டது போதும்.

என் பெண்ணின் அரக்குப் பட்டுப்பாவாடை இன்னமும் பீரோவில் இருக்கிறது. டக் பிரித்த இடத்தில் குறுக்காக இரண்டு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் வெயிலிலும் துவையலிலும் நிறம் வெளுத்திருக்கிறது. மடிப்புக்குள் இருந்த பட்டை மட்டும் கடையில் வாங்கிய அன்றைய அரக்கு. ஒரு கோட்டுக்கு அவள் இரண்டாம் வகுப்பு, அடுத்த கோட்டுக்கு மூன்றாம் வகுப்பு. கம்பெனியில் நான் கை வைத்த லட்சக்கணக்கான சட்டைகளில் ஒன்றையும் எனக்கு அடையாளம் தெரியாது. இந்தப் பாவாடையை இருட்டில் தடவினாலும் தெரியும்.

சின்னவனுக்கு ஜப்லா தைக்கிறேன் என்று புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறாயே, அதைப் பெரியவளுக்கு ஜட்டி தைக்க வைத்துக்கொள். எட்டு மாதக் குழந்தைக்கு உன் மாமனாரின் நைந்த வேட்டிதான் ஏற்றது. நம்மில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை பழந்துணிதான் என்று வைத்திருந்தது சும்மா இல்லை. கஞ்சிப் பசை போய், நூறு துவையல் கண்ட துணி குழந்தையின் தோலை உறுத்தாது. பட்டன் வேண்டாம், நாடா போதும். தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும், பார்க்க அழகில்லை என்றாலும். மிச்சத் துண்டுகளை எறியாதே. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, அதன் கரையிலிருந்தே நூல் உருவி, காந்தா தைக்கிறார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னடத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ. அந்தப் பூ இல்லாத போர்வையை முடிந்ததாகவே எண்ணமாட்டார்கள். பூவிருந்தவல்லிக்காரியான உனக்கு இது பிடிக்கும் என்று எழுதுகிறேன். ஒரு தொட்டில் போர்வை அளவுக்குச் செய்து பார். தூளியில் அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பத்துத் தையலாகப் போடலாம். நடுவில் அவன் விழித்தால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம், அவசரமே இல்லாத வேலை.

இப்போது உன் அடுப்படிக் கணக்கு. மாவடு, வடாம், வற்றல், ஊறுகாய் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எழுதி வைத்திருக்கிறாய். மாசி, பங்குனியில் கோயம்பேட்டில் வடு வரும்போது வாங்கிவிட வேண்டும். காம்போடு இருக்கிற உருண்டை வடுவாகப் பார்த்து, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பு மஞ்சள்பொடி போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விட்டுச் சுருங்கத் தொடங்கும். பிறகு கடுகும் மிளகாயும் அரைத்துச் சேர். தினம் ஒரு குலுக்கல்தான் வேலை. வேப்பம்பூவும் அப்போதுதான். உங்கள் தெருமுனை மரத்தடியில் காலையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தால் பெரியவளே பொறுக்கி விடுவாள். சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்குப் போக மிச்சத்தைக் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும்.

வடாம் மே மாதம், கத்திரி வெயிலில். அதற்கு முன்னால் கூழ் கிளறாதே. ஒரு வருஷம் அவசரப்பட்டு ஏப்ரலில் பிழிந்தேன். மத்தியானம் மேகம் போட்டது, மறுநாளும் வெயில் இல்லை. மின்விசிறிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிட்டது, நாலு படி அரிசி மாவு போயிற்று. கூழில் உப்பு ருசி பார்க்கும்போது கொஞ்சம் குறைவாகத் தோன்ற வேண்டும். காய்ந்து சுண்டும்போது உப்பு ஏறும். இரண்டாம் நாள் வடாம் பிழிந்த வேட்டியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் தண்ணீர் தெளித்துப் பார், வடாம் தானாக உரிந்து கையோடு வரும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. பாதிக் காய்ந்த வடாத்தைத் தின்று தீர்த்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்தே பிழிய வேண்டும்.

வற்றலும் வடாமும் எதற்கு, கடையில் கிடைக்கிறதே என்று உன் வீட்டுக்காரர் கேட்டதாகச் சொன்னாய். தப்பான கேள்வி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு. கரண்ட் இல்லை, பால் இல்லை, காய்கறி வண்டி வரவில்லை. மூன்று நாளும் மணத்தக்காளி வற்றல் குழம்பு, சுட்ட வடாம், மாவடு. பக்கத்து இரண்டு வீட்டுக்கும் அதுவே. கடையில் கிடைக்காத நாளைக்கு என்று சித்திரையிலேயே உள்ளே விட்டு வைத்த துணி அது என்று அவரிடம் சொல். அந்த மூன்று நாளும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் கால் மெஷினில் கிழிந்த தலையணை உறைகளையெல்லாம் தைத்து முடித்தேன். மோட்டார் போட்டுவிட்டாய் என்பதற்காக உன் மெஷினின் கீழ் ஸ்டாண்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரரையும் தைக்க உட்கார வை. பட்டன் வைக்கவும், கிழிந்த பாக்கெட்டைப் பிடித்துத் தைக்கவும் கற்றுக்கொள்ளட்டும். ஊசி பிடித்தால் ஆண்மை போய்விடும் என்றால் ஆவடியில் பாதித் தெரு அப்பாக்கள் என்ன ஆவது?

விற்பதைப் பற்றிக் கேட்டாய். அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் கேட்கிறார்கள் என்றாய். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்பேன். மற்றவர் உடம்புக்குத் தைப்பதற்கு முன்னால் நீ தைத்தது எங்கே கிழிகிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மஞ்சப்பையைவிட நல்ல வாத்தியார் இல்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று கிளம்பியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் மெஷினே கோயம்பேட்டில் வைத்தார்கள். நீ உன் கையால் பத்துப் பை தை. கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போடு. ஐந்து கிலோ அரிசியைத் தினம் சுமக்கட்டும். ஆறு மாதம் கழித்து எந்தப் பை எந்த மூலையில் விட்டது என்று பார். அப்புறம் கூலி வாங்கித் தை. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று சும்மா தைத்துக் கொடுக்காதே. அந்த நேரம் உன் பிள்ளைகளிடமிருந்து எடுத்தது.

கடைசியாக, அந்த நோட்டு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மாமியார் ஊரிலிருந்து வந்தால், சின்னவன் பல் முளைத்து ராத்திரி முழுக்க அழுதால் எந்த வரியைப் பிரித்து இறக்குவாய்? உன் நாற்பத்தொன்று நான் அந்தக் காலத்தில் வெட்டிய பாவாடை. பார்க்க அவ்வளவு கச்சிதம், உள்ளே கால் இன்ச்தான். ஆடியில் தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற ஒரு குடம் கேழ்வரகு, புரட்டாசியில் கொலு, மார்கழியில் மொச்சை, அவரை மலிந்திருக்கும்போது ஒரு நாள் கூட்டு, தையில் பொங்கல் பானை. காலம் கொண்டுவருகிற இவை உன்னைக் கேட்காமலே வரும். இவற்றோடு தையலில் வருஷத்துக்கு நாலு உருப்படி என்று வை. காகிதக்கூழ் பொம்மையும் வயர் கூடையும் அடுத்த வருஷம் இருக்கட்டும். 'எதுவுமே முடியலை' என்று எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்துவிடு, நோட்டு இருக்கட்டும்.

மே முதல் வாரம் இங்கே வா. மொட்டை மாடி காலியாக இருக்கிறது, வேட்டி நான் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கெல்லாம் பிழிய வேண்டும், அதனால் முதல் நாள் சாயங்காலமே பிள்ளைகளோடு வந்துவிடு. ஜவ்வரிசி ஒரு கிலோ வாங்கி வா, இங்கே கடைக்காரர் தருவது பொடியாக இருக்கிறது. வரும்போது பெரியவளுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஏதாவது இருந்தால் துவைக்காமல் அப்படியே எடுத்து வா. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
உன் ஆவடிப் பெரியம்மா