டூ-ஸ்ரோக் சைலன்சரில் கை வைக்குமுன்

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய டூ-ஸ்ரோக்குக்குப் புதுச் சைலன்சர் தேடுகிறீர்களா? முதலில் உள்ளதைக் கழற்றிப் பாருங்கள். இழுவை குறைவதற்குப் பல நேரம் உள்ளே படிந்த கரிதான் காரணம். சுரண்டி எடுத்தாலே வண்டி தெளிந்துவிடும்.

உட்குழாயை வெட்டவே வேண்டாம். டூ-ஸ்ரோக்கின் வெளிவாயிலில் வால்வு இல்லை. நழுவிப்போகும் புதுக் கலவையைத் திருப்பித் தள்ளுவது குழாய் விரிந்து ஒடுங்கும் அந்த வடிவம்தான். அதைக் குலைத்தால் சத்தம்தான் மிஞ்சும். நெல் மூட்டையோடு மணலில் கிளம்பும்போது தெரியும்.

கிளிநொச்சி உள்வீதிகளின் கிறவல் தூசிக்குத் திறந்த எயார் பில்டர் கூடவே கூடாது. டூ-ஸ்ரோக்கில் காற்று கிராங் பெட்டிக்குள்ளால்தான் போகிறது. தூசி புகுந்தால் பெயாரிங்கும் பிஸ்டனும் சேர்ந்தே தேயும். பஞ்சு பில்டரைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள்.

எதை மாற்றினாலும் மெயின் ஜெற்றைக் கவனியுங்கள். பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். ஓடி நிறுத்தியதும் புளக்கைப் பாருங்கள்: தேத்தண்ணி நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் பெரிய ஜெற் போடுங்கள், கறுத்து நனைந்திருந்தால் சிறியது போடுங்கள்.

பழைய சைலன்சரை இரும்புக்குப் போடாதீர்கள். வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை இருக்கிறது; அதற்குப் பழையதையே திருப்பிப் பூட்ட வேண்டி வரலாம்.