ஒடிந்த ஸ்டட்டும் ஒரு பழைய காரும்

புசா ரோட்டில் நான் குடியிருக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய அம்பாசடர் கார் நிற்கிறது. தஞ்சையிலிருந்து உத்தியோகத்துக்காகத் தில்லி வந்த தம் தந்தையார் வாங்கியது என்பதால், வீட்டுக்காரப் பெரியவர் அதனைப் பிள்ளைபோல் பேணி வருகிறார். வண்டி ஓடுவது அரிது, துடைப்பதோ நாள்தோறும். சென்ற மாதம், பானட்டின்மேல் பளபளக்கும் சின்னத்தைக் கழற்றி மெருகேற்றி மீண்டும் மாட்டும்போது, அதன் அடியிலுள்ள இரண்டு ஸ்டட்டுகளில் ஒன்று நட்டோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. முடுக்கியவன் நான்தான். "தம்பி, பௌதிகம் படிக்கிறாயே, இதற்கு ஒரு வழி சொல்லேன்" என்றார் பெரியவர். அவர் கோபித்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிராது.

உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. கடைத்தெருவில் வேறு சின்னம் அகப்படலாம். தந்தையார் தொட்ட சின்னம் அகப்படுமா?

முதற்கண் உலோகம் யாது எனக் காண வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பன்று. சமையலறைத் தராசின்மேல் நீர்க்கிண்ணம் ஒன்றை வைத்து, சின்னத்தை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியைத் தொடாமல் நீரில் முழுக்கினேன். தராசு மிகுதியாகக் காட்டும் கிராம் எண்ணே அதன் கன அளவு. சின்னத்தின் எடை 264 கிராம், மிகுதி 40. வகுத்தால் 6.6. அலுமினியமாயின் 2.7 வந்திருக்கும், பித்தளையாயின் 8.4-க்குக் குறையாது. எனவே இது துத்தநாகக் கலவை. நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்த்து அச்சில் வார்த்து, மேலே குரோமியம் முலாம் பூசியது. (கே. எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராய் வீற்றிருந்த தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் பருப்பு நிறுக்கும் தராசை நம்பியதற்கு அப்பெரியார் பொறுத்தருள்வாராக!)

துத்தநாகம் நம் நாட்டுக்குப் புதிதன்று. இராஜஸ்தானத்துச் சாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை வாலையில் வடித்திருக்கின்றனர். ஆனால் அச்சுவார்ப்புக்கு ஏற்ற கலவை கைகூடியது 1929-இல்தான். அதற்கு முந்திய வார்ப்புகளில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலும், ஈரம் பட்டு உள்ளூர வெடித்து உதிர்ந்தன. மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு நியூ ஜெர்சி துத்தநாகக் கம்பெனியார் அக்குறையைப் போக்கினர்.

பட்டறைக்காரர் ஒருவர் பற்றவைத்துத் தருவதாக முன்வந்தார். நல்லவேளை, கொடுக்கவில்லை. இக்கலவை ஏறக்குறைய 385 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். பித்தளைப் பற்றுக்கோ 900 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். துத்தநாகம் கொதிப்பதே 907-இல். ஸ்டட் ஒட்டுமுன் சின்னம் ஒழுகிப் போயிருக்கும். எழும் புகையை உட்கொண்டவர் காய்ச்சலில் படுத்திருப்பார்.

ஆதலின் துளையிட்டு, மரை வெட்டி, புதிய ஸ்டட் பதிப்பதே வழி. ஒடிந்த இடத்தை அரத்தால் சமன் செய்தேன். அங்கே கனம் 10 மி.மீ.; முகப்பு முலாம் கெடாதிருக்க 8 மி.மீ. ஆழத்தோடு நிற்க வேண்டும். டிரில் முனையிலிருந்து 8 மி.மீ. தள்ளி ஒட்டுநாடா சுற்றிக்கொள்க. நாடா உலோகத்தைத் தொட்டால் நிறுத்துக. முதலில் 2 மி.மீ., பிறகு 3.3 மி.மீ. துளை. 3.3 எங்ஙனம் வந்தது? 4 மி.மீ. ஸ்டட்டில் மரைக்கு மரை இடைவெளி 0.7; நான்கிலிருந்து அதைக் கழித்தால் துளை அளவு. மரை வெட்டும் டேப்பை நாயிவாலாக் கடைத்தெருவில் வாங்கினேன். ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே எனத் திருப்பிச் சீவலை வெளியேற்ற வேண்டும்; மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கூர்முனை டேப் துளையின் அடிவரை மரை இடாது. ஆகவே மொட்டைமுனை டேப்பையும் கேட்டு வாங்குக. நான் மறந்து இருமுறை நடந்தேன்.

துத்தநாக முலாமிட்ட இரும்பு ஸ்டட்டையே தேர்ந்தெடுத்தேன். பித்தளையானால், ஈரத்தில் இரு உலோகமும் மின்கலம்போல் இயங்கி, துத்தநாகம் அரிக்கப்படும். துளையை அசிட்டோனால் கழுவி, இருகூட்டுப் பசையான அரால்டைட்டைத் தடவித் திருகினேன். பானட்டின் துளைகளைப் பார்த்து ஒட்டுப்பலகையில் இரண்டு துளையிட்டு, இரு ஸ்டட்டுகளையும் அதில் நுழைத்து நிறுத்தி, ஒரு முழு நாள் காயவிட்டேன்.

பழைய ஸ்டட் ஏன் முறிந்தது? துரு என்று சொல்லித் தப்பலாம், கணக்கு விடவில்லை. 10 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஒரு கிலோ எடையளவு இழுத்தால், 4 மி.மீ. ஸ்டட்டின் மீது விழும் இழுவிசை சுமார் 125 கிலோ! இரண்டு கிலோ இழுத்தால் 250. அந்த மெல்லிய துத்தநாகத் தண்டு புதிதாயிருந்தபோதே அவ்வளவுதான் தாங்கியிருக்கும். ஆகவே ரப்பர் வாஷர் வைத்து, நட்டை விரலால் இறுகும்வரை திருகி, அதன்மேல் ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் போகாதிருத்தல் வேண்டும்.

மறுநாள் மாலை சின்னத்தைப் பெரியவரே மாட்டினார். ஸ்பேனரை என் கையில் தரவில்லை.