ஓய்வெடுக்கும் தீவு

நுழையும்முன்

இயற்கையின் அழகைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. அவ்வழகு நிலைக்க வேண்டுமெனில், சில காலம் அதனைக் காணாமல் விட்டுவைக்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். அந்தமானின் கடல்சார் தேசியப் பூங்கா ஒன்று இப்பொறுமையை நடைமுறையாக்கியுள்ளது.

வண்டூர்க் கரையில்

தெற்கு அந்தமானிலுள்ள போர்ட் பிளேரிலிருந்து (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது வண்டூர். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இதுவே. 1983ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இப்பூங்கா, 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 281 சதுர கி.மீ. பரப்பில் விரிந்துள்ளது.

வண்டூர்க் கரையில் பெருமரங்கள் பல வேருடன் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது, ஆழிப்பேரலையும் தாக்கியது. கடலின் ஆற்றலுக்கு அம்மரங்கள் ஊமைச் சான்றுகள்.

காடும் கழியும்

தீவுகளின் உட்பகுதியில் கர்ஜன், படாக் முதலிய நெடுமரங்கள் செறிந்த மழைக்காடு உள்ளது. கரையோரத்தில் நெய்தல் நிலத்துக்குரியனவாக நாம் கற்ற புன்னையும் தாழையும் வளர்கின்றன. கழிமுகங்களில் அலையாத்திக் காடுகள் வேர்பின்னி நிற்கின்றன. அங்கு உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன.

இவை தனித்தனிக் காட்சிகள் அல்ல. மழைக்காட்டின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. தப்பி வரும் சேற்றை அலையாத்தி வேர்கள் தடுத்து நிறுத்துகின்றன. அதனால் கடல்நீர் தெளிந்திருக்கிறது. தெளிந்த நீரில்தான் கதிரொளி ஊடுருவும். ஒளி கிடைத்தால்தான் பவளம் வாழும். மலைமேல் ஒரு மரம் வீழ்ந்தால், அதன் துன்பம் கடலடியிலும் உணரப்படும்.

பவளத்தின் உழைப்பு

ஜாலிபாய் தீவின் கரையைப் பெரிய படகுகள் அணுகுவதில்லை. கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு படகுகளில் மாறிச் செல்லவேண்டும். அக்கண்ணாடி வழியே, கிளைத்தும் திரண்டும் விரிந்தும் நிற்கும் பவளங்களைக் காணலாம்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. கடுகுபோற் சிறிய உயிரிகள் பல கூடி வாழும் குடியிருப்பு அது. அவ்வுயிரிகள் கடல்நீரிலிருந்து சுண்ணப்பொருளைப் பிரித்துத் தம் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் உடலுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து உணவளிக்கின்றன. உருண்டை வடிவப் பவளங்கள் பல, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. ஓராள் உயரப் பவளம் நூற்றாண்டு கடந்த முதுமை உடையது. கவனமற்ற ஒரு காலடி அதனை நொடியில் சிதைத்துவிடும்.

பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது. பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன்கள் அதனை வெண்மணலாக வெளியேற்றுகின்றன. நாம் நடக்கும் மணலில் பவளத்தின் துகள்கள் கலந்துள்ளன.

வெளுக்கும் பவளம்

கடல்நீரின் வெப்பம் இயல்பைவிட ஓரிரு பாகை உயர்ந்து பல வாரங்கள் நீடித்தால், பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. விரைவில் வெப்பம் தணிந்தால் மீளும், இல்லையேல் மடியும். 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் பவளங்கள் இவ்வாறு பெரிதும் வெளுத்தன.

முறைவைத்து ஓய்வு

உலகக் கடலின் வெப்பத்தை ஒரு பூங்காவால் தணிக்க இயலாது. ஆயினும், நோயுற்றவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் ஒரு மருத்துவமே. ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய இரு தீவுகளுள் ஒன்று திறந்திருக்கும் பருவத்தில் மற்றொன்று மூடப்படுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கும் அங்குத் தடை உண்டு.

நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்க்கு, மூடிய தீவு ஏமாற்றம் தரலாம். ஆனால், உழவர் நிலத்தைத் தரிசாக விடுவது அடுத்த விளைச்சலுக்காக அன்றோ? இன்று நாம் காணாத பவளம், நாளை பிறர் காண்பதற்காகக் காக்கப்படும் பவளமாகும்.

தெரிந்து தெளிவோம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில விலங்கு ஆவுளியா எனப்படும் கடற்பசு. இது கடற்புற்களை உண்டு வாழும் பாலூட்டி.

கற்பவை கற்றபின்

1. மழைக்காடு, அலையாத்தி, பவளப்பாறை, மணற்கரை ஆகியவற்றின் தொடர்பை விளக்கப்படமாக வரைக.
2. நம் மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அதனை அந்தமான் பூங்காவுடன் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘சுற்றுலாத் தலங்களுக்கும் ஓய்வு வேண்டும்’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.