தேடுபொறியைப் பற்றிய சில பிரமைகள்

கணிப்பொறித் திரையில் ஒரு சொல்லை இட்ட மாத்திரத்தில், தேடுபொறியானது உலகத்து இணையப் பக்கங்கள் அனைத்தையும் அக்கணமே புரட்டிப் பார்த்து விடை கொணர்கிறது என்று, விஷயம் அறிந்தவர்களுள்ளும் பலர் நம்பி வருகிறார்கள். அவ்விதம் நடப்பதில்லை. இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் சஞ்சரிக்கும் நிரல்கள் முன்னரே சேகரித்துவந்த பிரதிகளைக் கொண்டு, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் பயில்கிறது என்று வகுத்துவைத்த மாபெரும் சொல்லடைவு ஒன்றே நம் வினாவுக்கு விடை தருகிறது. ஆகையால் இன்று வெளியிட்ட பக்கம் உடனே அகப்படாமையும், நேற்று அழித்த பக்கம் பட்டியலில் இன்னும் நிற்பதும் ஆச்சரியமல்ல.

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் பக்கம் முதலிடம் பெறும் என்பது மற்றொரு நம்பிக்கை. 1990-களில் இதற்குச் சிறிது ஆதாரம் இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. அன்று, வாசகர் கண்ணிற் படாதபடி வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை நிரப்பிவைத்த சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். ஆனால், எங்கும் காணப்படும் சொல்லைவிட அரிதாகப் பயிலும் சொல்லே ஓர் ஆவணத்தைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டும் என்பதைக் காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் 1972-லேயே விளக்கியிருந்தார். பின்னர் 1998-ல், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் இணைப்பின் வாயிலாக அளிக்கும் சாட்சியத்தையும், அச்சாட்சியின் யோக்கியதையையும் சீர்தூக்கும் கணக்கை வெளியிட்டார்கள். பக்கத்தின் மறைவில் பதிக்கும் திறவுச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குத் தாங்கள் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனத்தார் 2009-ல் பகிரங்கமாகவே அறிவித்துவிட்டனர். அப்பட்டியலை இன்றும் சிரத்தையுடன் எழுதி, அதற்குக் கூலியும் வாங்குவோரை என்னென்பது!

விளம்பரத்துக்குப் பணம் செலுத்தினால் இயல்பான வரிசையிலும் இடம் உயரும் என்பது வேறொரு நம்பிக்கை; இதைக் கூகுள் நிறுவனம் திட்டமாக மறுக்கிறது.

எல்லாவற்றிலும் அபாயகரமானது, தளத்தில் வைக்கும் 'ரோபோட்ஸ்' என்னும் கோப்பு பக்கங்களைப் பூட்டிக் காக்கும் என்னும் பிரமை. 1994-ல் மார்டைன் கோஸ்டர் முன்மொழிந்த அக்கோப்பு, சஞ்சரிக்கும் நிரல்களை நோக்கி 'இவ்விடம் வர வேண்டா' என்று கேட்டுக்கொள்வதேயன்றிப் பூட்டன்று. வேறொரு தளம் இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே படிக்கப்படாத அப்பக்கத்தின் முகவரி தேடல் பட்டியலில் தோன்றக்கூடும். பட்டியலில் சேர்க்கலாகாது என்னும் குறிப்பைப் பக்கத்தினுள்ளே எழுதிவைத்து, வாயிலில் நிரலையும் தடுத்துவிட்டால், அக்குறிப்பைப் படிக்க நிரலுக்கு வழியே இல்லாமற்போகிறது! அன்றியும், அக்கோப்பை யாரும் திறந்து வாசிக்கலாமாதலால், அதில் எழுதப்பட்ட ரகசிய முகவரி தானே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்தரங்க ஆவணங்களை இணையத்தில் வைக்க நேர்ந்தோர், தயைகூர்ந்து, அவற்றைக் கடவுச்சொல்லால் காத்துக்கொள்வார்களாக.